கோழைச் சிங்கமும் நூல்நிலையத் தலைவரும்

குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட புத்தகத்தைப் பற்றி யாரிடம் அபிப்பிராயம் கேட்பது? குழந்தைகளிடம்தான் கேட்கவேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் உலகத்தில் அப்படி நடப்பதில்லை. எழுதுகிறவர் பெரியவர், அச்சுப் போடுகிறவர் பெரியவர், காசு கொடுத்து வாங்குகிறவர் பெரியவர், இது உயர்ந்தது, இது குப்பை என்று தீர்ப்புச் சொல்கிறவரும் பெரியவரே. படிப்பது மாத்திரம் குழந்தையின் வேலை. இந்த ஏற்பாட்டில் குழந்தைக்கு உள்ள ஒரே உரிமை, பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி எறிந்துவிட்டு விளையாடப் போய்விடுவதுதான். அந்த உரிமையைக் குழந்தைகள் துளியும் தாட்சண்யமில்லாமல் உபயோகிப்பார்கள்.

குழந்தைகள் மூடி எறியாத ஒரு புத்தகத்தைப் பெரியவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் 1900-ம் வருஷம் வெளியான 'ஓஸ் தேசத்து அற்புத மந்திரவாதி' என்ற நவீனம் அது. கதை இரண்டு வரியில் அடங்கும். கான்ஸாஸ் சமவெளியில் வசிக்கும் டாரதி என்ற சிறுமியைச் சூறைக்காற்று வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஒரு மாய தேசத்தில் இறக்குகிறது. மூளை வேண்டுமென்கிற சோளக்கொல்லைப் பொம்மை, இருதயம் வேண்டுமென்கிற தகர மனிதன், தைரியம் வேண்டுமென்கிற சிங்கம் ஆகிய மூவரையும் சேர்த்துக்கொண்டு, ஊருக்குத் திரும்ப வழி கேட்பதற்காக அவள் மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போகிறாள். மந்திரவாதியோ சுத்தப் பித்தலாட்டக்காரன். ஆனாலும் கதை சுபமாக முடிகிறது.

இதை எழுதிய பிராங்க் பௌம் என்பவரின் ஜீவிய சரித்திரமே ஒரு நாவலுக்குக் காணும். 1856-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். உயர்ந்த ஜாதிக் கோழிகள் வளர்த்தார்; 1886-ல் அவர் வெளியிட்ட முதல் புத்தகமே கோழி வளர்ப்பைப் பற்றியதுதான். நாடகக் கம்பெனி நடத்தினார். டகோட்டா பிரதேசத்தில் அபர்தீன் என்ற ஊருக்குப் போய்க் கடை வைத்தார், கடை மூழ்கியது. பத்திரிகை நடத்தினார், அதுவும் மூழ்கியது. பிறகு சிகாகோவுக்கு வந்து, பீங்கான் சாமான்களின் மாதிரிகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து விற்றார். 1897-ல், கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் சரக்குகளை எப்படி ஜோடித்து வைப்பது என்று சொல்லிக் கொடுக்க ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். மரகத நகரத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கதையில் ஒரு சட்டம் வருகிறது. அதனால்தான் அந்த ஊர் அத்தனை பச்சையாகத் தெரிகிறதாம்! கடை ஜன்னல் ஜோடித்த மனிதருக்குத்தான் இந்த யோசனை தோன்றும் என்பது என் எண்ணம்.

வீட்டில் தம் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த கதைகளை எழுதி வைக்கச் சொல்லித் தூண்டியவர் அவருடைய மாமியார். மடில்டா கேஜ் என்ற அந்த அம்மாள் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். எழுத்தாளர்களின் சரித்திரத்தில் மாமியாருக்குக் கிடைக்கும் நல்ல பெயர் அபூர்வமாகையால் இதைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

புத்தகத்துக்கு விலை ஒன்றரை டாலர். டென்ஸ்லோ வரைந்த வர்ணப் படங்கள் 24. குழந்தைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். தொடர்ந்து எழுதும்படி கடிதங்கள் வந்து குவிந்தன. ஆறு புத்தகங்கள் எழுதிய பிறகு பௌமுக்கு அலுத்துவிட்டது. ஓஸ் தேசம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது, இனி அங்கிருந்து சமாசாரம் வராது என்று 1910-ல் எழுதிக் கதவைச் சாத்தினார். மறு வருஷமே கடனில் முழுகிப் பாப்பர் ஆனார். வேறு கதைகளைக் குழந்தைகள் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. ஓஸுக்குக் கம்பியில்லாத் தந்தி அடித்துக் கேட்டால் என்ன என்று குழந்தைகளில் ஒருவர் யோசனை சொன்னதாகவும், அதன்படி செய்ததாகவும் முகவுரையில் ஒரு சமாதானம் சொல்லிவிட்டு 1913-ல் மறுபடி ஆரம்பித்தார். 1919-ல் இறக்கும் வரையில் விடவில்லை. மொத்தம் 14 புத்தகங்கள். அதற்குப் பிறகும் குழந்தைகள் விடாததால், ரூத் தாம்ஸன் என்ற அம்மாளைக்கொண்டு பதிப்பாளர்கள் இன்னும் 19 புத்தகங்கள் எழுதுவித்தார்கள்.

இங்கேதான் நூல்நிலையத்தார் பிரவேசிக்கிறார்கள். குழந்தைகளுக்காகத் தனி அறை திறந்து, உயரம் குறைந்த மேஜை நாற்காலி போட்டு, கதை சொல்லவும் ஆள் வைத்தவர்கள் அமெரிக்க நூலகர்கள். அவர்களைக் குறைவாக நினைப்பதற்கில்லை. ஆனால் அவர்களுடைய சிபாரிசுப் பட்டியல்களில் ஓஸுக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒன்றாக வந்து விழும் தொடர் கதை இலக்கியமாகுமா? நடையில் நயமில்லை, சொன்னதையே சொல்கிறது. இந்தக் குறைகளில் உண்மை இல்லாமலும் இல்லை. பௌம் அவசரக்காரர். முன் புத்தகத்தில் சொன்னதைப் பின் புத்தகத்தில் மறந்து போவார். வாக்கியங்களைச் செதுக்க மாட்டார். இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால், நடை மட்டமானது என்று ஒரு புத்தகத்தை அலமாரியில் வைக்காமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு? வசதியுள்ள வீட்டுப் பையனுக்குக் கிறிஸ்துமஸுக்கு அத்தை வாங்கிக் கொடுத்துவிடுவாள். நூல்நிலையத்தை விட்டால் வேறு கதியில்லாத வீட்டுப் பெண்தான் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பெரியவர்களுடைய ரசனையின் செலவு முழுவதும் அந்தக் கணக்கில்தான் ஏறிற்று.

1957-ம் வருஷம் விஷயம் சந்திக்கு வந்தது. டெட்ராய்ட் நகரப் பொது நூல்நிலையத்தின் தலைவர் ரால்ப் அல்வெலிங், ஓஸ் புத்தகங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும், அவை வாழ்க்கையைக் கோழைத்தனத்தோடு அணுகும்படி பிஞ்சு மனங்களைத் திருப்பிவிடுகின்றன என்றும் சொன்னார். பத்திரிகைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. தடை ஒன்றும் போடவில்லை, குழந்தைகள் பகுதியில் வைப்பதில்லை, அவ்வளவுதான் என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த வழக்கம் 30 வருஷத்துக்கு மேலாக இருந்துவருகிறதாம்! பெரியவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களாம். டாரதியின் கதையைப் படிக்க வாக்குரிமை வயது வரவேண்டும் போலிருக்கிறது.

கோழைத்தனம் என்ற சொல் அகப்பட்டதே, அதைப் பாருங்கள். தன்னைக் கோழை என்று சொல்லிக்கொண்டு அழுகிற சிங்கம் கதையில் என்ன செய்கிறது? வழியிலே ஒரு பெரும் பள்ளம் வருகிறது. விழுந்துவிடுவோமென்று பயமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொருவரையாக முதுகில் சுமந்து தாண்டிக் கரை சேர்க்கிறது. மூளை இல்லை என்று ஏங்கும் வைக்கோல் பொம்மைதான் ஆபத்து வந்தபோதெல்லாம் யுக்தி சொல்கிறது. இருதயமில்லாத தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துக் கொன்றுவிட்டு அழுகிறான். கண்ணீர் பட்டு அவன் தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் போகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு இது புரிகிறது. இல்லாததாக நினைத்து ஏங்குகிற ஒன்று தன்னிடமே இருப்பது அந்த மூவருக்கும் தெரியவில்லை. படிக்கிற குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ரகசியம் தனக்குத் தெரியும் என்கிற சந்தோஷத்தில்தான் குழந்தை பக்கத்தைப் புரட்டுகிறது. டெட்ராய்ட்டில் சிங்கத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு, அது பள்ளத்தைத் தாண்டியதைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே 1957-ல், அதே மாகாணத்திலேயே பதில் வந்தது. மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரஸ்ஸல் நையும் மார்ட்டின் கார்ட்னரும் சேர்ந்து ஓஸைப் பற்றி ஆராய்ச்சி முன்னுரைகளோடு ஒரு பதிப்புக் கொண்டுவந்தார்கள். அன்பும் தயையும் பிரயோஜனமற்றவை என்று தோன்றினால், மறுபரிசீலனை செய்ய வேண்டியது நூல்நிலையப் பட்டியலை மாத்திரமல்ல என்று நை குத்தலாகக் கேட்டார். இதைவிட எனக்குப் பிடித்த பதில், அதே வருஷம் ஜஸ்டின் ஷில்லர் என்ற 13 வயதுப் பையன் 16 அங்கத்தினர்களைச் சேர்த்துக்கொண்டு ஓஸ் ரசிகர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்துப் பத்திரிகையும் வெளியிட்டதுதான். பெரியவர்கள் வாதம் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பையன் காரியத்தை முடித்துவிட்டான்.

எதிர்ப்பவர்கள் போனால் ஆதரிப்பவர்கள் வருவார்கள். அவர்களிடமிருந்தும் புத்தகம் சுலபமாகத் தப்பவில்லை. ஹென்றி லிட்டில்பீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் 1964-ல் ஒரு கட்டுரை எழுதினார். மஞ்சள் செங்கல் பாதை என்றால் தங்க நாணயம், டாரதியின் வெள்ளிச் செருப்பு வெள்ளி நாணயம், பொம்மை குடியானவன், தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. 1890-களின் நாணயச் சண்டையைத்தான் பௌம் கதையாக எழுதியிருக்கிறார் என்று அது விளக்கிற்று. மாணவர்களுக்குச் சரித்திரம் மனத்தில் பதிவதற்காக அவர் கண்டுபிடித்த உபாயம் அது. பௌம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரமில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் பொருளாதார ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் மூக்கில் ஏறிய பச்சைக் கண்ணாடியைக் கழற்றுவது யாரால் முடியும்?

1983-ல் டென்னஸி மாகாணத்தில் சில பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். பள்ளி வாசகப் புத்தகங்களில் அவர்கள் ஆட்சேபித்த கதைகளில் ஓஸும் ஒன்று. சூனியக்காரி நல்லவளாக எப்படி இருக்கமுடியும் என்பது வாதம். 1986-ல் கீழ்க் கோர்ட்டில் ஜயித்து, மறு வருஷம் அப்பீலில் தோற்றார்கள்.

இத்தனை குற்றச்சாட்டுகளையும் தேடித் தேடிக் கொண்டுவந்தவர்கள், எழுதியவர் செய்த ஒரு நிஜமான குற்றத்தைக் கவனிக்கவில்லை. அபர்தீனில் பௌம் நடத்திய பத்திரிகையைச் சற்று முன்னே சொன்னேன். 1890 டிசம்பர் 29-ம் தேதி அதே டகோட்டாவில், 'காயமுற்ற முழங்கால்' என்ற பெயருள்ள ஓடைக்கரையில், அமெரிக்க ராணுவத்தார் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட 250-க்கு மேற்பட்ட பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பு ஒரு தடவையும், நடந்து ஒரு வாரத்துக்குள் இன்னொரு தடவையும், அந்தச் சூ இன மக்களை அடியோடு ஒழித்துவிடுவதே வெள்ளையருக்கு க்ஷேமம் என்று தலையங்கம் எழுதினார் பௌம். வண்டு செத்ததற்காகத் தகர மனிதனை அழவைத்த அதே கை அதை எழுதிற்று! 2006-ல் அவருடைய சந்ததியார் இரண்டு பேர் சூ மக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் பேசவேண்டிய விஷயம் இதுதான். கதையைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்காமலே இதைப் பேசலாம். கொஞ்சம் வளர்ந்த பிறகு குழந்தையிடமே சொல்லலாம். சிங்கத்தின் பெயரைப் பார்த்து மிரண்டவர்கள் பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டவே இல்லை.

ஹாரி பாட்டர் காலத்திலும் இதே நாடகம் வேறு வேஷத்தில் நடந்தது. 1997-ல் முதல் புத்தகம் 500 கெட்டி அட்டைப் பிரதிகளோடு ஆரம்பித்தது. சூனியத்தைப் பரப்புகிறது என்ற பழைய புகார் அமெரிக்க நூல்நிலையங்களுக்கு மறுபடி வந்து சேர்ந்தது. சாகித்திய விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம், மூன்றரைக் கோடிப் பேர் வாங்கினாலும் தவறு தவறுதான் என்ற தோரணையில் 2000-ல் எழுதினார். அதே வருஷம் ஜூலை மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' தன் விற்பனைப் பட்டியலிலிருந்து குழந்தைப் புத்தகங்களைப் பிரித்து அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டுவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பெரியவர்களுடைய நாவல்களுக்கு மேலே அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைப் பதிப்பாளர்களால் சகிக்க முடியவில்லை.

லண்டனில் பதிப்பித்தவர்களோ உலகம் தெரிந்தவர்கள். 1998-லேயே, வர்ணப் படமில்லாமல், கறுப்பு வெள்ளையில் ஒரு ரயிலின் புகைப்படத்தைப் போட்டு, பெரியவர்களுக்கென்று வேறு அட்டையில் அதே புத்தகத்தை வெளியிட்டார்கள். உள்ளே ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆபீசுக்குப் போகிற கனவான்கள் ரயிலில் அதைத் தைரியமாகப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள்.