கைக்கு எட்டும் எல்லை: மாநகராட்சிகளின் காலநிலைத் தகவமைப்புத் திட்டங்கள்

1. ஆய்வுப் பொருள்

காலநிலை மாற்றம் தொடர்பான பணிகளைத் தணிப்பு, தகவமைப்பு என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது தணிப்பு. வந்துவிட்ட வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்க ஊரைத் தயார்செய்வது தகவமைப்பு. முன்னதன் பெரும்பகுதி மின்சாரம், எரிபொருள் குறித்த தேசியக் கொள்கைகளில் முடிவாகிறது. பின்னது உள்ளாட்சியின் தலையில் விழுகிறது. தண்ணீர் தேங்குவதும் வெயிலில் ஆள் சுருண்டு விழுவதும் ஏதோ ஒரு வார்டில்தான்.

இக்கட்டுரை அகமதாபாத் வெப்பத்துக்கு வகுத்த திட்டத்தையும் சென்னை வெள்ளத்துக்கு வகுத்துவரும் திட்டத்தையும் ஒப்பிடுகிறது. திட்டம் தொடும் பொருள் மாநகராட்சியின் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்பதே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். பணமில்லை, அரசியல் உறுதியில்லை என்ற வழக்கமான காரணங்களை நான் மறுக்கவில்லை. அவற்றை அடுத்த வரிசையில் வைக்கிறேன்.

2. அகமதாபாத்: அதிகாரத்துக்குள் அடங்கிய இடர்

2010 மே 21 அன்று அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாத இறப்புப் பதிவுகளை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வு, 1,344 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டது. வெப்பத்தால் நேரும் சாவு பல சமயம் மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோ பதிவாகிவிடும். கூடுதல் இறப்பு என்னும் கணக்குமுறை இல்லாமல் இந்தப் பேரிடரின் அளவு கண்ணில் பட்டிருக்காது.

2013-ல் மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்டோரின் துணையுடன் வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தெற்காசிய நகரங்களில் இதுவே முதலாவது. 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45-ஐ எட்டினால் சிவப்பு என்று எச்சரிக்கை நிலைகளை வகுத்தார்கள். முன்னறிவிப்பு வந்ததும் மாநகராட்சியின் பொறுப்பு அலுவலர் மருத்துவமனைகளுக்கும் ஊடகங்களுக்கும் பிற துறைகளுக்கும் தகவல் தருவார். தண்ணீர்ப் பந்தல், பூங்காக்களைப் பகலிலும் திறந்துவைத்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் செய்பவர் யார் என்று எழுதப்பட்டிருந்தது.

திட்டத்தின் இயல்பை நன்றாகக் காட்டும் சிறு மாற்றம் ஒன்று உண்டு. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் மகப்பேற்றுப் பிரிவு மேல்மாடியில், நேராக வெயில் இறங்கும் தளத்துக்கு அடியில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபின் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கட்டடமும் மாநகராட்சியுடையது, மருத்துவரும் மாநகராட்சி ஊழியர். இன்னொரு துறையின் தடையின்மைச் சான்றுக்கு யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த முன்மாதிரியைப் பிற நகரங்களும் மாநிலங்களும் எடுத்துக்கொண்டபோது படிவம் பரவிய அளவுக்கு உள்ளீடு பரவவில்லை. கொள்கை ஆராய்ச்சி மையம் 2023-ல் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆராய்ந்தது. யார் எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்ற மதிப்பீட்டை வெளிப்படையாகச் செய்து தந்தவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11.

3. சென்னை: பல கைகளில் ஒரே தண்ணீர்

3.1 திட்டம்

சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில், சி40 நகரங்கள் அமைப்பின் துணையோடு வெளிவந்தது. 2050-க்குள் நிகரச் சுழிய வெளியேற்றம் என்ற இலக்கோடு ஆறு துறைகளைப் பேசும் அதில் நகர வெள்ளமும் நீர்ப் பற்றாக்குறையும் ஒன்று. அறிக்கையாகப் படித்தால் குறைசொல்ல அதிகம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. சில மாதங்களில் எந்தத் திட்டமும் பலன் தந்துவிடாது என்பதால் அதை வைத்துத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஆனால் தென்சென்னையில் தேங்கிய தண்ணீர் யாருடையது என்று கேட்பது நியாயம்.

3.2 செம்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை

செம்பாக்கத்தில் ஒரு தெருவில் பெய்யும் மழையைப் பின்தொடர்வோம். தெரு தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. 2021-ல் உருவான அந்த மாநகராட்சிக்குச் சென்னைத் திட்டம் பொருந்தாது. தெருநீர் சேரும் செம்பாக்கம் ஏரி நீர்வளத் துறையுடையது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வரும். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. அதே சதுப்பில் சென்னை மாநகராட்சி பல்லாண்டுகளாகக் கையாண்டுவந்த நிலம் பெருங்குடி குப்பைக்கிடங்கு! சுற்றுப்புறத்தில் பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவது பெருநகர வளர்ச்சிக் குழுமம். சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியே, பழைய மாமல்லபுரம் சாலையின் பாலத்துக்கு அடியில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலில் சேர வேண்டும். மடுவும் கால்வாயும் மறுபடியும் நீர்வளத் துறை. சாலை வேறொரு அரசு நிறுவனம்.

மாநகராட்சி தன் மழைநீர் வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், மடுவில் நீர்மட்டம் ஏறிவிட்டால் வடிகால் எதிர்த்து ஓடும். பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆயினும் அவர்களால் டெண்டர் விட முடிந்தது வடிகாலுக்கு மட்டுமே என்பதால் வடிகால் கட்டப்படுகிறது.

3.3 பெரும்பாக்கம்

அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, 2015 வெள்ளத்துக்குப் பின் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியது. கனமழையில் தண்ணீர் தேங்கும் இடம். மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் ஆற்றங்கரையில் வெள்ள அபாயத்தில் இருந்தோர் குறைந்துவிட்டார்கள். அந்த மனிதர்களின் கணக்கில் ஆறு போய்ச் சதுப்பு வந்திருக்கிறது, வேலைக்குப் போகும் தூரம் பல மடங்கு கூடியிருக்கிறது. தகவமைப்பின் பெயரால் செய்யப்படுவது சிலருக்கு இடரை இடம் மாற்றித் தருவதாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

4. பணம் வரும் வழி

சென்னையின் பெரிய வடிகால் திட்டங்களுக்குக் கடன் வெளியிலிருந்து வந்தது: அடையாறு, கூவம் படுகைக்கு உலக வங்கி, கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. கடன் தருவோருக்கு அளக்கத்தக்க பணி வேண்டும். கிலோமீட்டரில் அளக்க வடிகால் வசதியானது. ஆக்கிரமிப்பு அகற்றிய வரத்துக்கால்வாயை அப்படி அளந்து பட்டியல் போடுவது கடினம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மழையைத் தானே உறிஞ்சி நிலத்தடி நீரைக் காக்கும் மணற்பாங்கான பகுதிகளிலும் கான்கிரீட் வடிகால் வரப்போகிறது என்று குடியிருப்போர் எதிர்த்ததும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இதனால்தான் என்பேன்.

ஒப்பீட்டுக்குக் கோபன்ஹேகன். 2011 ஜூலை 2 அன்று ஓரிரு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2012-ல் பெருமழை மேலாண்மைத் திட்டம் வந்தது. பூங்காக்களையும் சதுக்கங்களையும் தாழ்த்தி, மழையின்போது தற்காலிகக் குளங்களாக்கும் வகையில் சுமார் 300 பணிகள். குடிநீர், கழிவுநீர் நிறுவனம் நகராட்சிகளின் உடைமை. தண்ணீர்க் கட்டணத்திலிருந்து இப்பணிகளுக்குச் செலவிடச் சட்டமும் இடம் தந்தது. டென்மார்க் பணக்கார நாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் நிலம், நீர், கட்டணம் மூன்றும் ஏறத்தாழ ஒரே கூரையின்கீழ் இருந்தது பணத்தால் மட்டும் வந்ததன்று.

5. மாமன்றம்

74-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உட்பட 18 பொருள்களை நகர உள்ளாட்சிக்கு ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம். சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. வர்தா புயல், 2019 குடிநீர்ப் பஞ்சம், 2021 நவம்பர் வெள்ளம் மூன்றும் அந்த இடைவெளியில்தான் வந்தன. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை அறிந்த கவுன்சிலர் கேள்வி கேட்க மன்றம் கூடவில்லை.

6. சென்னைக்கு உடனே எட்டும் களம்

அதிகாரப் பகிர்வு சீராகும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை சென்னை மாநகராட்சியின் கை அகமதாபாத்தைப் போலவே நீளம்: நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்கள், பள்ளிகள், பூங்காக்கள், அம்மா உணவகங்கள், தூய்மைப் பணியாளர்களின் வேலைநேரம் எல்லாம் அதன் நிர்வாகத்தில் உள்ளவை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு ₹4 லட்சம் நிவாரணம் என்றது. நிவாரணம் பெற இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று நிறுவ வேண்டும். அதற்குச் சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். எச்சரிக்கை நிலைகளையும் அகமதாபாத்திலிருந்து அப்படியே எடுக்க முடியாது. அங்கே வறண்ட வெயில். இங்கே கடற்காற்றின் ஈரத்தோடு 38 டிகிரியிலேயே வியர்வை உலராமல் உடல் தவிக்கும். ஈரப்பதத்தையும் சேர்த்து வகுத்த அளவுகோல், மண்டலவாரியாக நாள்தோறும் தொகுத்த இறப்புப் பதிவு, இவை இரண்டுக்கும் நீர்வளத் துறையின் அனுமதி தேவையில்லை.