கல்லூரிக்கு முன்பே களம்: தென்காசி, குற்றாலம் பகுதியில் அறிவியல் பயிற்சியின் வரலாறு

குற்றாலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி எழுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே அங்கு அறிவியல் வேலை நடந்துவந்தது. அயல்நாட்டு மரங்களை வளர்த்தவர்கள், மலையேறிச் செடி சேகரித்தவர்கள், நிலம் அளந்தவர்கள், மருந்து இடித்தவர்கள் எனப் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். செய்து செய்தே கற்றார்கள். அவர்களுடைய கல்வி பல்கலைக்கழகத்தின் வாசல்வரை போகவில்லை. பின்னாளில் பல்கலைக்கழகம் சென்றவர்களோ, இடம் கிடைத்த பிறகே மலையைப் பார்த்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே அறிவியல் வேலையில் ஈடுபட்டு, அதன் துணையோடு உயர்கல்விக்குப் போகலாம் என்ற வழி 1960களில்தான் மெல்லத் திறந்தது.

மலையும் சாரலும்

இந்தப் பகுதிக்கு ஆய்வாளர்கள் வந்ததற்கு முதற்காரணம் அதன் நில அமைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாய் அமைந்த இடத்தில் மலைவரிசை தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே ஈரத்துடன் கிழக்கே நுழைகிறது. தமிழ்நாட்டின் சமவெளி காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கவும் சிற்றாற்றின் அருவிகள் பெருகவும் இதுவே காரணம். மேலே செண்பகாதேவி அருவி, தேனருவிப் பக்கம் பசுமைமாறாக் காடு. கீழே சில கிலோமீட்டர் தொலைவில் உடைமரமும் பனையும் நிற்கும் வறண்ட நிலம். ஒரே நாள் நடையில் இருவேறு தாவர உலகங்களைப் பார்க்க முடிகிற இடம் தென்னிந்தியாவில் அரிது.

வைத்தியர் வீட்டுப் பயிற்சி

இங்கு மிகப் பழைய பயிற்சிமுறை சித்த வைத்தியத்தினுடையது. பொதிகையை அகத்தியரோடும், கடையத்தை அடுத்த தோரணமலையை அகத்தியர், தேரையர் இருவரோடும் இணைத்துப் பேசும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. கதைகள் ஒருபுறமிருக்க, நடைமுறையில் வைத்தியம் குடும்பத்துக்குள்ளும் குரு–சீடர் வழியிலும் கைமாறியது. சீடனாகச் சேர்ந்த பையனுக்கு நோயாளியின் நாடியைத் தொட உடனே வாய்ப்புக் கிடைக்காது. மூலிகையை இலை, பட்டை, மணம், சுவை கொண்டு அடையாளம் காண்பது, உரிய பருவத்தில் பறிப்பது, நிழலில் உலர்த்துவது, சரக்குகளைச் சுத்தி செய்வது, கல்வத்தில் அரைப்பது, புடமிடுவது ஆகியவை முதலில் வந்தன. சூரணமும் லேகியமும் பதம் தவறாமல் வர ஆண்டுகள் பிடித்தன.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அதன்பின் வைத்தியராவதற்குப் பட்டம் வழியாயிற்று. சேர்க்கைக்கு மேல்நிலைப் படிப்பின் மதிப்பெண் அடிப்படையானது. இப்போது நீட் தேர்வும் தேவை. வைத்தியர் வீட்டில் சிறுவயதிலிருந்தே மூலிகை பழகிய மாணவருக்கு அந்தப் பழக்கம் வகுப்பில் கைகொடுக்கும். தரவரிசையில் இடம் பெற்றுத் தராது.

கம்பெனியின் நறுமணத் தோட்டம்

1796-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைக் கைப்பற்றினர். கிராம்பும் ஜாதிக்காயும் நெடுங்காலம் அந்தத் தீவுகளின் தனிச்சொத்தாக இருந்தன. தாவரவியலர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கே கன்றுகளைத் திரட்டி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்த இடங்களுக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்டார். ஏறத்தாழ 1800-ல் கம்பெனி குற்றாலத்தில் தன் நறுமணப் பயிர்த் தோட்டத்தை அமைத்தது. இந்தியாவில் கிராம்பு வேரூன்றிய முதல் இடமாகக் குற்றாலமே குறிப்பிடப்படுகிறது. 1850க்குப் பிறகு நாகர்கோவில் பக்கமும் திருவிதாங்கூரிலும் கிராம்பு பரவியதற்கு இங்கே கிடைத்த வெற்றி தூண்டுதலாயிற்று.

இந்த மரங்களை வளர்ப்பது ஏற்கெனவே தெரிந்த வேளாண்மை ஆகாது. ஜாதிக்காய் விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். பழத்திலிருந்து எடுத்த ஈரம் காயுமுன் நட்டாக வேண்டும். மரத்தில் ஆண், பெண் வேறு. எது காய்க்கும் மரம் என்பது பூக்கும்வரை தெரியாது. பூக்கவோ ஆறேழு ஆண்டுகள் ஆகும். கிராம்பு என்பது மலராத மொட்டு. விரிந்த பின் பறித்தால் பயனில்லை. நிழல் எவ்வளவு, நீர் எவ்வளவு, எந்தக் கன்றை வைத்துக்கொள்வது, எதைக் களைவது என்பதையெல்லாம் தோட்டத்தில் வேலைபார்த்த உள்ளூர்க்காரர்கள் பார்த்தும் தவறியும் கற்றார்கள். காலப்போக்கில் தோட்டங்கள் தனியார் கைக்குப் போயின. அந்த அறிவு மட்டும் ஊரில் தங்கியது. சீசனில் குற்றாலக் கடைகளில் குவியும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் பழங்கள் அயல்மரம் வளர்க்கும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

அளவைப் பள்ளிச் சிறுவர்கள்

பட்டம் இல்லாமல் அறிவியல் வேலைக்குச் சிறுவர்களை முறையாகத் தயாரித்த முதல் ஏற்பாடு சென்னையில் உருவானது. வானியலரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் 1794-ல் அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களுக்காக நடந்த இல்லத்திலிருந்து அதற்குச் சிறுவர்களை எடுத்தார். கணக்கு, வடிவியல், வரைபடம் ஆகியவற்றில் பயிற்சி தந்து அவர்களை உதவியாளர்களாகக் களத்துக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவிலிருந்து அளவையாளர்களை வரவழைப்பதைவிட இது கம்பெனிக்கு மலிவு.

இப்படிப் பயின்றவர்களில் ஒருவர் தாமஸ் டர்ன்புல். திருநெல்வேலிச் சீமையையும் அதன் ஜமீன்களையும் அளந்து அவர் எழுதிய நிலவியல், புள்ளிவிவரக் குறிப்பு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதற்கு முக்கியமான ஆவணம். அன்று தென்காசியும் அந்தச் சீமைக்குள் அடங்கியிருந்தது. அளவைக் குழுக்களில் சங்கிலி பிடிக்கவும் கொடி நடவும் உள்ளூர் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இல்லை. சென்னை அளவைப் பள்ளி பின்னர் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியாயிற்று. களத்துக்குச் சிறுவர்களை அனுப்பப் பிறந்த நிறுவனம், மதிப்பெண் பார்த்து மாணவரைச் சேர்க்கும் கல்லூரியாக மாறியது.

ராபர்ட் வைட்டின் சேகரிப்பு

குற்றாலத்தைத் தாவரவியல் உலகில் நிலைநிறுத்தியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட். 1819-ல் இந்தியா வந்த அவர், 1830களின் நடுவில் தம் படைப்பிரிவோடு பாளையங்கோட்டையில் தங்கியிருந்தார். 1835, 1836 ஆண்டுகளில் குற்றால மலையில் பெருமளவில் செடிகளைத் திரட்டினார். அவருடைய தாவரத் தாள்கள் கியூ, எடின்பரோ முதலிய இடங்களுக்குச் சென்றன. குற்றாலத்தின் பெயரும் இனப்பெயர்களில் ஏறியது. நாவல் பேரினத்தைச் சேர்ந்த சிஸிஜியம் கோர்டலென்ஸ் அவற்றுள் ஒன்று.

வைட்டின் பணியில் உள்ளூர் உழைப்பு இரண்டு வகையில் கலந்திருந்தது. ஒன்று சேகரிப்பு. கூலிக்கு அமர்த்தப்பட்ட சேகரிப்பாளர்கள் மலையேறிப் பூவும் காயும் சேர்ந்த கிளைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றைத் தாளிடையே அழுத்தி, ஈரம் உறிஞ்சிய தாள்களை மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். சாரல் காலத்தில், செடி பூக்கும் பருவத்திலேயே இந்த வேலை மிகக் கடினமாகிவிடும்.

மற்றொன்று ஓவியம். ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் அடுத்தடுத்து அவரிடம் பணியாற்றினர். பூவைப் பிரித்து, மகரந்தத்தாள், சூலகம், விதை ஆகியவற்றைப் பெரிதாக்கி அளவு பிசகாமல் வரைவது அவர்கள் வேலை. வைட்டின் ‘ஐகோன்ஸ்’ 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. அதில் 2,100க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. செடியின் எந்த உறுப்பு வகைப்பாட்டுக்கு முக்கியம் என்பது கைக்குப் பழகினால்தான் அப்படி வரைய முடியும். ஜெர்மானியத் தாவரவியலர் நீஸ் ஒரு பேரினத்துக்கு ரங்கையாவின் பெயரால் ‘ருங்கியா’ என்று பெயரிட்டார். வைட் தாமே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்.

அக்காலத்தில் பட்டமில்லாத இந்தியர் ஒருவர் அறிவியலில் தம் பெயரை நிலைநாட்டியதற்கு மற்றொரு சான்று சென்னையில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றும் முன்பே சென்னை வானாய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்த அவர், 1872-ல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இத்தகைய ஏற்பு மிகச் சிலருக்கே வாய்த்தது.

கல்லூரிகள் வந்தபின்

பல்கலைக்கழகம் தோன்றியதும் வரிசை மாறியது. மெட்ரிகுலேஷன் தேர்வு, அதன்பின் கல்லூரி, அதன்பின் வேலை என்றாயிற்று. திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கல்லூரிகள் தென்காசிப் பக்கத்து மாணவர்களை ஈர்த்தன. 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி பின்னாளில் பெரணித் தாவர ஆய்வில் பெயர்பெற்றது. தாவரவியல் பட்டப்படிப்பில் களப்பயணமும் உலர்தாவரத் தாள் தயாரிப்பும் இடம்பெற, தென் மாவட்ட மாணவர்களுக்குக் குற்றாலம் வழக்கமான பயண இடமாயிற்று. வைட்டின் சேகரிப்பாளர்கள் கூலிக்குச் செய்த வேலையை இப்போது மாணவர்கள் பாடமாகச் செய்தார்கள்.

1964-ல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியது. நில அளவையும் மலைச் சேகரிப்பும் ஆண்களின் தொழில்களாகவே இருந்துவந்த பகுதியில் பெண்களுக்கு அறிவியல் திறந்தது இதன்வழியாக. ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியும், 1990-ல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் அமைந்தன.

1978-ல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்தது. அதோடு ஆய்வக வேலையும் ரெக்கார்டு நோட்டும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. ஆனால் செய்முறைத் தேர்வில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் அருகிலேயே வாங்கிவிடுவதால் அது தரவரிசையை மாற்றுவதில்லை. தொழிற்கல்விக்கு 1984-ல் வந்த நுழைவுத்தேர்வு, கிராமப்புற மாணவர்களுக்குப் பாதகம் என்ற காரணத்தால் 2007 முதல் நீக்கப்பட்டது. எந்த ஏற்பாட்டிலும் களவேலைக்கு மதிப்பெண் இருந்ததில்லை. பிரிட்டனில் மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பிக்கும் மாணவர், மருத்துவமனையிலோ பண்ணையிலோ வேலைபார்த்த அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அப்படி எதிர்பார்க்காததில் ஒரு நியாயமும் உண்டு: அந்த அனுபவத்தைத் தேடிக்கொள்ளும் வசதியும் தொடர்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றாக இல்லை.

பள்ளிப் பருவத்தில் ஆய்வு

பள்ளி மாணவரின் ஆய்வுக்கு உயர்கல்வியில் மதிப்புத் தந்த முதல் தேசியத் திட்டம் தேசிய அறிவியல் திறனறித் தேடல். 1963-ல் டெல்லியில் 10 பேருக்கு உதவித்தொகை தந்து தொடங்கி, அடுத்த ஆண்டு 350 உதவித்தொகைகளுடன் நாடு முழுதும் விரிந்தது. எழுத்துத் தேர்வோடு மாணவரே செய்த செயல்திட்ட அறிக்கையும் நேர்காணலும் கேட்கப்பட்டன. தேர்வானவர்கள் முனைவர் பட்டம்வரை அடிப்படை அறிவியல் படிக்கலாம். 1976-ல் திட்டம் பிற துறைகளுக்கும் விரிந்தபோது செயல்திட்டம் போய்விட்டது.

அந்த இடத்தை வேறு வழியில் நிரப்பியது 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சிறு குழுவாக, வழிகாட்டி ஆசிரியருடன், சொந்த ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து தாய்மொழியிலேயே அறிக்கை தருவது அதன் முறை. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. குளத்து நீர், கிணற்று மட்டம், பயிர்ப் பூச்சி என எதையும் ஆராயலாம். விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை.

1999 முதல் 2022 வரை நடந்த கேவிபிஒய் உதவித்தொகைத் திட்டம், இந்திய அறிவியல் கழகத்திலும் அடிப்படை அறிவியலுக்கான ஐசர் நிறுவனங்களிலும் சேர ஒரு வழியாக இருந்தது. 2008-ல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பயர் திட்டம், பத்தாம் வகுப்பில் முன்னிலை பெற்ற பதினோராம் வகுப்பு மாணவர்களை ஆய்வாளர்களோடு முகாம்களில் சந்திக்க வைத்தது.

குளக்கரையில்

களக்காடு முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகமானபின், பழைய சேகரிப்பாளர்களைப் போல அதன் மலைக்காட்டில் யாரும் தன்விருப்பாக ஏற முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் பள்ளி மாணவருக்கு எட்டும் களம் சமவெளிக்கு, குறிப்பாகக் குளங்களுக்கு நகர்ந்தது. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரியில் மாணவர், ஆசிரியர், ஆர்வலர் எனத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து குளங்களுக்குப் போகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வரித்தலை வாத்து என இனம் பிரித்து எண்ணிப் படிவத்தில் குறிக்கிறார்கள். ஒரே பறவையை இருமுறை எண்ணாமல் இருப்பது, பெருங்கூட்டத்தைப் பகுதி பிரித்து மதிப்பிடுவது, ஐயமான இனத்தை ஐயம் என்றே எழுதுவது ஆகியவற்றை அங்கு கற்கிறார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பின்னும் அதன் குளங்கள் இந்தக் கணக்கில் உண்டு.

இந்த வேலை எதுவும் கலந்தாய்வுத் தரவரிசையை உயர்த்தாது. ஐசர் நிறுவனங்களும் இப்போது நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையே பார்க்கின்றன. களப் பழக்கத்தின் பயன் சேர்ந்த பிறகு தெரிகிறது: எந்தத் துறை தனக்கு ஒத்துவரும் என்ற தெளிவிலும், இளநிலை ஆய்வுத் திட்டத்திலும், ஆய்வகங்கள் கோடைப் பயிற்சிக்கு ஆளெடுக்கும்போதும். தோட்டத் தொழிலாளரும் ரங்கையாவும் களத்தில் பெற்ற அறிவு களத்தோடு நின்றது. இன்றைய மாணவரின் களஅறிவு கல்லூரிக்குள்ளும் தொடர முடிகிறது. உள்ளே நுழையத் தேவையான சீட்டாக அது இன்னும் ஆகவில்லை.