உப்பு-வெல்லக் கரைசல் இயக்கம் (வங்கதேசம்)

வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து வற்றி மடியும் குழந்தைகளைக் காக்க, வாய்வழி நீரேற்றக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்றுத்தந்த திட்டம். பசலே ஹசன் ஆபேத் 1972இல் தொடங்கிய பிராக் தொண்டு நிறுவனம் இதனை 1980 முதல் 1990 வரை நடத்தியது. ஒரு சேவை மக்களைச் சென்றடையும் விதத்தை ஆராய்ந்து திருத்துவது சேவை ஆய்வு. வளரும் நாடுகளில் அது உயிர்காத்ததற்குச் சிறந்த சான்றுகளுள் ஒன்று இவ்வியக்கம்.

தோற்றம்

குளுக்கோசு சேர்ந்தால் குடல் சோடியத்தையும் நீரையும் நன்கு உறிஞ்சும் என்பது 1960களில் தெளிவாயிற்று. டாக்கா காலரா ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும், குளுக்கோசும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் டிரிப்ஸ் தேவை பெரிதும் குறையும் என 1968இல் நிறுவினர். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி டிரிப்ஸ் திரவம் தீரும் நிலை வந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசலை நிரப்பிவைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துப் புகட்டினர். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று லான்செட் இதழ் 1978இல் எழுதியது.

செயல்முறை

மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று இதைச் சொல்லிக்கொடுத்து, தாயையே கலக்கச் செய்தனர். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம். திட்டத்தின் வெற்றிக்கு இந்த ஊதிய முறையும் ஒரு காரணம்.

ஆய்வும் திருத்தமும்

தாய்மார் நன்றாகக் கற்றிருந்தும், நோய் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் முதலில் மிகக் குறைவு. பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பவை விசாரணையில் வெளிப்பட்டன. பின்னர் பணியாளர்களை டாக்கா ஆய்வகத்துக்கு அழைத்துச்சென்று, கரைசல் வேலை செய்யும் விதத்தை விளக்கினர். தாய்மார் முன் கரைசலைத் தாமே குடித்துக்காட்டவும் பணியாளர்கள் பழகினர். சந்தைகளிலும் மசூதிகளிலும் ஆண்களுக்கு விளக்கக் கூட்டங்கள் நடந்தன. பயன்பாடு உயர்ந்தது.

பயன்

பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இம்முறை கற்பிக்கப்பட்டது.  இன்று வங்கதேசத்தில் பொட்டலக் கரைசல் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதன் பயன்பாட்டில் அந்நாடு உலகில் முன்வரிசையில் உள்ளது.