காசநோய் மாத்திரை காட்டிய வழி

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றான இப்ரோனியாசிட் அதிர்ஷ்டத்தால் கிடைத்தது என்பார்கள். பாதி உண்மைதான். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் அது காசநோய்க்கே தரப்பட்டது. சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமாக நடமாடினார்கள். அதே ஆண்டு உயிர்வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செல்லர், மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது முடக்குவதைக் கண்டிராவிட்டால், அந்த உற்சாகம் வெறும் பக்கவிளைவாகவே ஒதுங்கியிருக்கும். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரோடோனினையும் நார்அட்ரினலினையும் சிதைப்பது அந்த நொதி. அது முடங்கினால் மூளையில் அவற்றின் அளவு உயர்கிறது. இந்த அறிவு துணைநிற்க, மனநல மருத்துவர் நேதன் கிளைனின் குழு 1957இல் மனச்சோர்வில் அதன் பயனை அறிவித்தது. அளவு விரைவில் உயர்ந்தும் மனம் தேற வாரங்கள் ஆகின்றனவே என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அது நொதியின் பங்கைப் பொய்யாக்கவில்லை. உயர்வுக்கேற்ப நரம்பணுக்கள் மாற நேரம் பிடிக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். இந்நொதியை முடக்கும் மருந்துகளோடு பாலாடைக்கட்டி உண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் எகிறியதும் நொதியின் பங்குக்குச் சான்று: பாலாடைக்கட்டியிலுள்ள, அழுத்தத்தை ஏற்றும் டைரமைனைச் சிதைக்க வேண்டியதும் அதே நொதிதான்.