பூட்டும் சாவிக்கொத்தும்

பாஸ்வேர்டின் கதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆரம்பம். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்ததால், அவரவர் கோப்புகளுக்கு கார்பட்டோ குழுவினர் போட்ட பூட்டு அது. 1966இல் அந்தப் பாஸ்வேர்டு பட்டியலே, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் தவறுதலாக அச்சாகிப் போனது!

1991இல் பிறந்த லினக்ஸிலும் அந்தப் பூட்டு தொடர்ந்தது. பின்னாளில், சேமித்த பாஸ்வேர்டுகளை வைக்க 'கீரிங்' என்ற சாவிக்கொத்தும் சேர்ந்தது. லாகினில் தட்டும் பாஸ்வேர்டே வழக்கமாக அதையும் திறக்கும்.

என் ரூம்மேட் அமைத்துத் தந்த கம்ப்யூட்டர் லாகின் கேட்காது. ஆனால் தினமும் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். "என்னடா இது?"ன்னு அவனைக் கேட்க நினைத்தேன், அதற்குள் போய்ச் சேர்ந்துட்டான். லாகினில் எதுவும் தட்டாததால் கீரிங் பூட்டியே கிடந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் எங்க ஹாஸ்டல் ரூம் நம்பரைத் தட்டினேன். திறந்துகொண்டது. நம்பர் தெரிந்தவங்க வெளியில் சொல்லாதீங்க!