தாக்குதலின்போது அருகில் நிற்போரின் உதவி: மட்டக்களப்பு வாவிக்கரை

ஒருவர் தாக்கப்படுகையில், அவருக்கு உறவோ கடமையோ இல்லாமல் அருகே நிற்பவர்கள் செய்யும் குறுக்கீடே இங்கு உதவி எனப்படுகிறது. அடிப்பவரை மறிப்பது அதில் ஒரு பகுதிதான். பொலிஸுக்கு அறிவிப்பதும், அடிபட்டவரை அப்பால் கூட்டிச் செல்வதும், பிறகு சாட்சி சொல்வதும் உதவியே. கூட்டம் கூடினால் இரக்கம் குறையும் என்ற எண்ணம் 1964இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு கொலையோடு பரவியது. 38 பேர் கைகட்டி நின்று பார்த்தார்கள் என்று அன்று பத்திரிகை எழுதியது மிகை என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அச்செய்தியைத் தொடர்ந்து உளவியலாளர்கள் ஜோன் டார்லி, பிப் லற்றானே இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு தள்ளத்தக்கதல்ல. அதில், மற்றொருவர் வலிப்பில் துடிக்கும் குரல், தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 வீதமானோரை எழுந்து ஓட வைத்தது. இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 வீதமானோரே அவ்வாறு செய்தனர். இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. அம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரத் தெருக்களின் கண்காணிப்புக் கெமராக்களில் பதிவான 219 மோதல்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், பத்தில் ஒன்பது மோதல்களில் யாராவது ஒருவர் குறுக்கிட்டிருந்தார். ஆட்கள் கூடக்கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர் இரக்கமற்றுப் போவதில்லை. இது யார் வேலை, என்ன வேலை என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆகவே அந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கும் குரலே உதவியை வரவழைக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இத்தகைய குரலின் பொருள் ஒன்றல்ல. மேற்கே படுவான்கரைச் சிற்றூர்களில் குரல் கொடுத்தால் வருபவர் பெரும்பாலும் தெரிந்தவர். கிழக்கே எழுவான்கரையில் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் நெருக்கி நிற்பவர்கள் அந்நியர். அங்கேதான் தொந்தரவு செய்யும் கை நீளுகிறது. பொதுப் போக்குவரத்தில் இலங்கைப் பெண்களில் 90 வீதமானோர் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பதாகவும், அவர்களில் 4 வீதமானோரே பொலிஸிடம் சென்றதாகவும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு கூறுகிறது. பஸ்ஸில் “யாராவது உதவுங்கள்” என்ற பொதுக்கூவல் ஒருவரையும் சுட்டுவதில்லை. “நீலச் சட்டை அண்ணன், 119க்கு எடுங்க”, “அக்கா, இஞ்ச வந்து எனக்குப் பக்கத்தில நில்லுங்க”, “கண்டக்டர், பஸ்ஸ நிப்பாட்டுங்க” என்று ஆளையும் வேலையையும் சேர்த்துச் சொன்னால், சொல்லப்பட்டவருக்கு ஒதுங்க இடம் குறைவு. முன்பின் அறியாதவரையும் முறை வைத்து அழைக்கும் பழக்கம் இப்பகுதிக்கு ஏற்கனவே உண்டு என்பதால், இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதும் இல்லை.

அதே உறவுமுறைதான் தடையாகவும் நிற்கிறது. ஆணொருவன் பெண்ணை அடிக்கும்போது “அது அவையட குடும்பப் பிரச்சினை” என்று விலகுவது நம்மூருக்கு மட்டும் உரிய குணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நடித்துக் காட்டப்பட்ட சண்டையில் பெண் “உன்னை எனக்குத் தெரியாது” என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 வீதமானோர் குறுக்கிட்டனர். “உன்னை ஏன் கட்டினேனோ” என்றபோது 19 வீதமானோர் மட்டுமே. அந்நியன் தாக்கினால் “இவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது” என்று முதலில் உரக்கச் சொல்வது பயன் தரும். அடிப்பவன் கணவனேயானால் என்ன செய்வது? அங்கே பெண்ணின் குரல் மட்டும் போதாது. பார்த்து நிற்பவரின் கணக்கே மாற வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபின், அதை வீட்டுக்குள் முடியும் விடயம் என்று சொல்ல இடமில்லை. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் பல்லாண்டுகளாக வற்புறுத்துவதும் இதையே.

பார்த்து நிற்பவர் குறுக்கிட வேண்டும் என்பதற்குக் கனமான மறுப்பு போர்க்காலத்திலிருந்து வருகிறது. 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் பலர் பார்க்கக் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. கேள்வி கேட்டவனும் காணாமற்போகக்கூடிய ஊரில் வாய்மூடக் கற்றவர்களைக் கோழைகள் என்பது அநியாயம். எனினும் அந்தக் காலமும் முழு மௌனமாக இருக்கவில்லை. விடுதலைப் புலிகள் போட்டி இயக்கமான ரெலோவினரை வேட்டையாடிய 1986இல், கிழக்கில் பெண்கள் உலக்கைகளோடு தெருவில் இறங்கிக் கொலைகளைத் தடுக்க முனைந்ததை ‘முறிந்த பனை’ நூல் பதிவு செய்கிறது. அவர்கள் தனித்தனியாகப் போகவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. போர் முடிந்த பின்னரும், 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு முதுகுப்பையில் குண்டோடு வந்தவனைச் சந்தேகித்து, உள்ளே விடாமல் மறித்தவர் உயிரிழந்தார். குண்டு வெளியே வெடித்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் உட்படச் சுமார் 30 பேர் இறந்தனர். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். அத்தகைய துணிவை எவரிடமும் கடமையாகக் கேட்க முடியாது. ஆயுதம் கண்ணில் பட்டால் விலகி நின்று அறிவிப்பதும், பிறரை எச்சரிப்பதும், ஆளின் அடையாளத்தை மனதில் வைப்பதுமே கேட்கத்தக்கவை.

கூட்டத்தை அழைத்தால் கூட்டமே தாக்கியவரை அடித்துக் கொன்றுவிடாதா என்றும் கேட்கலாம். அந்த அச்சம் நியாயமானது. பிறர் உடலைக் காக்கும் உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவை தருகிறது. கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்தவரைப் பொதுமகனும் பிடிக்கலாம் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். ஆனால் பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடிக்க எந்தச் சட்டமும் இடம் தருவதில்லை. ஆளுக்கொரு வேலை சொல்லப்பட்ட கூட்டம் கும்பலாவதும் அரிது: ஒருவர் பேச்சுக் கொடுத்துப் பிரிக்க, ஒருவர் அடிபட்டவரோடு நிற்க, ஒருவர் தொலைபேசியில் இருக்கிறார். சாட்சி சொல்லப் பயப்படுவோருக்கு 2015இல் முதன்முதலாகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பொலிஸ் அவசர அழைப்புக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவருக்கு 1929, ‘சுவசெரிய’ அம்புலன்ஸுக்கு 1990 ஆகிய இலக்கங்களைக் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.