தூத்துக்குடிக் கடற்கரையில் கைவிளக்கும் தலைவிளக்கும்

முத்து, சங்கு, மீன், உப்பு, துறைமுகம் என ஐந்து தொழில்களால் அறியப்பட்டது தூத்துக்குடி. இவற்றுள் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் பகல் வெளிச்சத்தை நம்பியவை. மற்ற மூன்றிலும் இரவு வேலை உண்டு. ஆகவே எடுத்துச் செல்லும் விளக்கின் வரலாறு இக்கரையின் உழைப்பு வரலாற்றிலும் ஒரு பகுதியாகும். அவ்விளக்கு வளர்ந்த விதத்தையும், இன்றைய டார்ச் லைட், தலைவிளக்கு ஆகியவற்றின் நிறைகுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சூரிய ஒளியில் முத்துக்குளிப்பு

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள் ‘பார்’ எனப்படும். முத்துக்குளிப்புக் காலத்தில் படகுகள் இரவில் வீசும் நிலக்காற்றைப் பிடித்துப் பாருக்குச் செல்லும். பொழுது புலர்ந்ததும் குளிப்பு தொடங்கி நண்பகல் அளவில் முடியும். பிற்பகல் கடற்காற்றில் படகுகள் கரை திரும்பும். கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு இறங்குபவர், ஒரு நிமிட அளவே மூச்சடக்கி, கண்ணுக்குத் தெரிந்த சிப்பிகளை அள்ளிப் பையிலிடுவார்.

நீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது. ஆழத்தில் எஞ்சுவது நீலப் பச்சை ஒளியே. நீர் கலங்கினால் அதுவும் குறைந்துவிடும். எனவே வெயிலும் தெளிந்த நீருமே முத்துக்குளிப்பவரின் விளக்கு. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. நீரடியில் எரியும் கைவிளக்கு பரவலாகும் முன்பே அத்தொழில் நின்றுவிட்டது.

அரிக்கேன் விளக்கிலிருந்து டார்ச் லைட் வரை

வள்ளங்களிலும் தோணிகளிலும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. கண்ணாடிக் கூண்டுள்ள அரிக்கேன் விளக்கு காற்றைத் தாங்கும். ஆனால் ஒளியை ஒரு திசையில் பாய்ச்சாது. 1910 வாக்கில் ஜெர்மனியில் உருவான பெட்ரோமாக்ஸ் மிகுந்த வெளிச்சம் தந்தது. எனினும் அதன் மேண்டில் ஆட்டத்தைத் தாங்காது.

1880களில் காரல் காஸ்னர் உலர் மின்கலத்தை உருவாக்கினார். அதைக் கொண்டு டேவிட் மிசெல் வடிவமைத்த குழாய் வடிவக் கைவிளக்குக்கு அமெரிக்காவில் 1899இல் காப்புரிமை கிடைத்தது. அக்கால மின்கலங்கள் தொடர்ந்து எரிய வலுவற்றவை. ஒரு கணம் ஒளிர்ந்து அணைய வேண்டியிருந்ததால் அமெரிக்கர் அதைப் ‘பளிச்சிடும் விளக்கு’ என்ற பொருளில் ஃபிளாஷ் லைட் என்றனர். பின்னர் டங்ஸ்டன் இழை வந்து ஒளி நிலைத்தது.

இரண்டு கட்டை, மூன்று கட்டை டார்ச் லைட்டுகள் தமிழ்நாட்டின் வீடுகளிலெல்லாம் இடம்பிடித்தன. கட்டையைப் பெட்டிக்கடையிலேயே வாங்கலாம். ஒளி மெல்ல மெல்ல மங்குவதால் கட்டை தீர்வதும் முன்கூட்டியே தெரியும். பல்பு அடிக்கடி போவதும், உப்புக்காற்றில் தகடும் சுருளும் துருப்பிடிப்பதும், தீர்ந்த கட்டை ஒழுகி விளக்கையே அரிப்பதும் அதன் குறைகள்.

எல்.இ.டி. விளக்கு

1990களில் ஜப்பானில் ஒளிமிக்க நீல எல்.இ.டி. உருவானதும் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று. இதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய இழைபல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமென் தந்தது, இன்றைய எல்.இ.டி. 100 லூமெனுக்கு மேல் தருகிறது. அதில் அறுந்துபோகும் இழை இல்லை.

ஆனால் அட்டையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக்கூடாது. லூமென் என்பது மொத்த ஒளி. ஒளி எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் காண்டெலாவே காட்டும். சோதனை விதிப்படி, ஏறத்தாழ முழுநிலவொளி அளவுக்கு வெளிச்சம் விழும் தூரமே பாய்ச்சல் தூரம். அதன்படி 2,500 காண்டெலா 100 மீட்டரும், 10,000 காண்டெலா 200 மீட்டரும் எட்டும். ஒளி நான்கு மடங்கானாலும் தூரம் இரண்டு மடங்கே ஆகிறது. அதே விதியில், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமே ‘எரியும் நேரம்’. ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தால் ஆறு மணி நேரமும் முழு ஒளி கிடைக்கும் என்று பொருளல்ல.

தலைவிளக்கின் பயன்

இரு கைகளும் வேலையில் இருக்கும்போது தலைவிளக்குக்கு ஈடில்லை. விடியலுக்கு முன் உப்பளத்தில் வாருபவருக்கும், வலையிலிருந்து மீனைக் கழற்றுபவருக்கும், நடுக்கடலில் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கும் அது மிகவும் உதவும். பார்க்கும் திசையிலேயே ஒளி செல்லும்.

அதன் குறையும் அதுவே. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தால் அவர் கண் கூசும். இருட்டுக்குப் பழகிய பார்வை கெட்டால், முழுமையாகத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும். படகில் இது விபத்துக்குக் காரணமாகலாம். மங்கலான சிவப்பு ஒளி பார்வையை அவ்வளவு கெடுக்காது. ஆகவே சிவப்பு ஒளியும் உள்ள தலைவிளக்கே கடலுக்கு ஏற்றது.

நீர்க்காப்பையும் கவனிக்க வேண்டும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே பொருள். உப்புநீர் அரிப்புக்கு அது உத்தரவாதமன்று. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

சட்டமும் விளக்கும்

கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் கைவிளக்குக்கும் இடம் உண்டு. துடுப்புப் படகும், 7 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகும் உரிய விளக்குகளைக் கட்ட இயலாவிட்டால், வெள்ளை ஒளி தரும் டார்ச் லைட்டையாவது தயாராக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கத் தக்க நேரத்தில் காட்ட வேண்டும். இயந்திரம் பூட்டிய வள்ளத்துக்கு இச்சலுகை கிடையாது. அதற்கு நிலையான விளக்கு வேண்டும். 1974 முதல் பெருந்துறைமுகமாக விளங்கும் தூத்துக்குடிக்கு வரும் பெரிய கப்பல்கள் சிறு படகைக் கண்டதும் நின்றுவிட முடியாது. இங்கே இவ்விதி உயிர் காக்கும் விதி.

மறுபுறம், மீனை ஈர்ப்பதற்காகக் கடலில் எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்குகளைப் பயன்படுத்துவதை நடுவண் அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. பெரிய மீன்களோடு குஞ்சுகளும் அள்ளப்படுவதும், சிறு மீனவரின் பங்கு பறிபோவதும் இவ்வகை மீன்பிடிப்புக்கு எதிரான முக்கியக் காரணங்கள்.

எதை வைத்திருப்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்னேற்றம் செய்யும் விளக்கின் பலவீனம் அத்தகைய நேரத்தில்தான் வெளிப்படும். எவ்வளவு ஒளிமிக்கதானாலும் மின்னேற்ற வழியின்றேல் அது வெறும் குழாயே.

அன்றாட வேலைக்கு மின்னேற்றத் தலைவிளக்கு சிக்கனமானது. ஆபத்துக் காலத்துக்குக் கட்டை போடும் எளிய எல்.இ.டி. டார்ச் ஒன்று தனியே வேண்டும். கட்டைகளைக் கழற்றி உலர்ந்த டப்பாவில் வைத்தால் ஒழுகி அரிக்காது. கடலுக்குச் செல்பவர் இரண்டையும் எடுத்துச் செல்வதே நலம். ஒன்று வேலைக்கு; மற்றொன்று தாம் அங்கே இருப்பதைப் பிறருக்குக் காட்டுவதற்கு.